சீலனுக்கு என்ன கொண்டுபோவது

மகன்,

நேற்று நீ தொலைபேசியில் இரண்டு விஷயம் கதைத்தாய். நான் ஒன்றுக்குத்தான் பதில் சொன்னேன். ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் கால் நசுங்கிப்போன உன் சிநேகிதன் சீலனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறாய், வறுமைப்பட்ட பொடியன், மனதுக்கு இதமாக என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டாய். "ஒரு மோல்ட் மா டின்னும் நாலு அப்பிளும் கொண்டு போ" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அதோடு நீ இன்னொன்றும் சொன்னாய். ஆஸ்பத்திரியில் அவனுக்கு வெளியேறும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று நீ கூடப்போய், கொள்கலனின் கதவு விழுந்துதான் கால் நசுங்கியது, நான் கண்ணால் கண்டேன் என்று பொலிசில் ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று சீலன் கேட்கிறானாம். அதற்கு நான், "இஞ்ச பிள்ளை அழுது, பிறகு எடு" என்று ரிசீவரை வைத்துவிட்டேன். பிள்ளை அழவில்லை. உன் அக்காவின் மகள் வாயைப் பிளந்துகொண்டு நல்ல நித்திரை. பிறந்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது, அதற்குள் அவள் தலையில் நான் ஒரு பொய்யைக் கட்டிவிட்டேன்.

சீலன் ஏன் அப்படிக் கேட்கிறான் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. அவனுடைய அடையாள அட்டையில் கிளிநொச்சி விலாசம் இருக்கிறது. வயது இருபத்தாறு. நாட்கூலிக்கு நின்றவன் என்பதால் அப்படி ஒரு ஆள் தங்களிடம் வேலை செய்ததே இல்லை என்று யார்டுக்காரர்கள் கையை விரிக்கிறார்கள் என்றும் சொன்னாய். நாளைக்கு அவன் கட்டுப் போட்ட காலோடு, இப்போது இருக்கிற மட்டக்குளி வீட்டுக்கு பஸ் ஏறினால், முதல் சோதனைச்சாவடியிலேயே இறக்கி, காயம் எங்கே பட்டது, எந்தச் சண்டையில் பட்டது என்றுதான் தொடங்குவார்கள். கண்டேன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீ. உன் அட்டையிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றுதான் இருக்கிறது, உனக்கும் இருபத்தாறு வயதுதான். இந்தக் கணக்கை நான் ஒரு நொடியில் போட்டுவிட்டேன், அதுதான் பிள்ளை அழுதது.

பேனாவை எடுத்த பிறகும் என்ன எழுதுவதென்று குழப்பமாகத்தான் இருக்கிறது. முதலில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். அதைச் சொல்ல பிலோவின் கதையைச் சொல்ல வேண்டும். பிலோமினாவை உனக்கு நினைவிருக்கும். நான் தட்டெழுத்து வேலை பார்த்த கந்தோரில் தேநீர் போட்டவள். நத்தார்ப் பண்டிகைக்கு உனக்கு ரோசாப்பூ நிறத்தில் தேங்காய் டொபி கொண்டுவந்து தருவாள், நீ நாக்கை நீட்டி நீட்டிக் காட்டுவாய். கொட்டாஞ்சேனையில் பதினாறு வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிற, தோட்டம் என்கிற நெருக்கமான குடியிருப்பு ஒன்றில், புருஷன் செத்த பிறகும் மாமியாரோடுதான் இருந்தாள். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் கந்தோரின் பின்பக்கத்து அறையில் இருந்து சாப்பாட்டை மாற்றிக்கொள்வோம். எனக்கு அவளுடைய கருவாட்டுக் குழம்பு, அவளுக்கு என்னுடைய கத்தரிக்காய்ப் பால்கறி. சிநேகிதி என்றுதான் நான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் என்னை "மிஸ்" என்பாள், நான் அவளைப் "பிலோ" என்பேன். அதை அப்போது நான் யோசித்ததே இல்லை.

உனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு நாள் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போன பஸ்ஸில் குண்டு வெடித்தது. பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் தேடித்தான் கண்டுபிடித்தோம். தாடை உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல் இல்லை. கழுத்திலும் தொடையிலும் குண்டுச் சில்லுகள். அவளைப் பார்க்க முதல் தடவை போகும்போது உன் அம்மா என்ன கொண்டுபோனாள் தெரியுமா? திராட்சை. வாயைத் திறக்க முடியாதவளுக்கு ஒரு கிலோ திராட்சை! கட்டிலுக்குப் பக்கத்துச் சின்ன அலுமாரியில் ஏற்கெனவே ஏழு மோல்ட் டின் வரிசையாக இருந்தது. கந்தோரில் மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிப்போயிருந்தார்கள், ஒருவரையொருவர் கேட்கவில்லை. நோயாளி என்றால் டின், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. வாட்டில் சுடுதண்ணீர் கிடைக்குமா, கரைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நீ போகும்போது அதையாவது முதலில் கேள்.

அடுத்த முறை புத்தி வந்தவள்போல ஒரு ஹவுஸ்கோட் தைப்பித்துக்கொண்டு போனேன். வெள்ளவத்தையில் துணி எடுத்து, சின்னச் சின்ன மஞ்சள் பூப் போட்டது, முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பட்டன். காயத்துக்கு மருந்து கட்ட வசதியாக இருக்கட்டும் என்று எனக்குள் பெருமை வேறு. பிலோ அதை மடியில் விரித்து, மிச்சம் இருந்த விரல்களால் ஒரு பட்டனைத் தடவிப் பார்த்தாள். கம்பி கட்டிய வாயால், பல்லுக்கிடையாலே கதைத்தாள்: "மிஸ், இந்தப் பட்டன நான் எப்படிப் போடுறது? தெனம் நீங்க வந்து போட்டு விடுவீங்களா?" சிரிக்க முடியாமல் தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பட்டனை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். சீலனுக்கு நீ காற்சட்டை வாங்குவதாக இருந்தால், கட்டுப் போட்ட கால் நுழையுமா என்று பார். இடுப்பில் சுற்றிக் கட்டுகிற சாரம்தான் நல்லது. பழைய சாரம் இன்னும் நல்லது, மெத்தென்று இருக்கும், புதுத்துணி வாங்கிவிட்டார்களே என்ற கூச்சமும் அவனுக்கு வராது.

ஒரே ஒரு தடவை நான் சரியாகச் செய்தேன், அதுவும் தற்செயலாக. ஆறு கிழமையாகப் படுத்த படுக்கையில் அவள் தலைமயிர் சடை பிடித்துக் கிடந்தது. நான் கைப்பையில் வைத்திருந்த சீப்பை எடுத்து, பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாங்கி, நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தேன். பேனும் இருந்தது, சொல்லாமல் நசுக்கினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தும் விடவில்லை. பின்னி முடித்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். "அக்கா, நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்டாள். ஏழு வருஷத்தில் முதல்முறையாக என்னை அக்கா என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம். ஒன்றும் வாங்கிக் கொடுக்காமல் அப்படி ஒரு சொல் கிடைத்ததே என்று நினைத்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். எனக்குத்தான் ஒன்று கொடுத்தால் கை சும்மா இராதே. அவள் வீட்டுக்கு வந்த பிறகு, பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாளே, பாட்டுக் கேட்கட்டும் என்று ஒரு சின்ன றேடியோ வாங்கிப்போனேன். தோட்டத்தில் அடிக்கடி மின்சாரம் போகும், ஆகவே பற்றரியில் வேலை செய்வது. பற்றரி தீர்ந்தால் கடைக்குப் போக ஆள் இல்லையே என்று உதிரியாகப் பன்னிரண்டு பற்றரியும் வாங்கிப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். யோசித்துப் பார், மகன். குண்டு செய்ய உதவும் என்று வடக்குக்குப் பற்றரி கொண்டுபோகவே தடை இருந்த காலம். கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில், உடம்பெல்லாம் சில்லுக் காயத்தோடு படுத்திருக்கிற ஒருத்தியின் தலையணைக்குக் கீழ் பன்னிரண்டு பற்றரி! வேறு ஒரு ஊரில் இருக்கிறவளுக்கு இது பரிசு. எங்களுக்கு இது என்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவள் முகம் மலர்வதைப் பார்க்கிற ஆசையில் மறந்துபோனேன்.

மூன்றாம் நாள் காலை தோட்டத்தைச் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாகச் சோதனை. பிலோவின் காயத்தைப் பார்த்தார்கள், பற்றரிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டியிருக்கிறாள். குண்டு வைத்தவளுக்கும் காயம் படும்தானே என்றார்களாம். "கவுத துன்னே?" என்று கேட்டார்களாம், இதை யார் கொடுத்தது என்று. கடையில் வாங்கினேன் என்றாளாம். பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று பத்து மணிபோல அவளுடைய மாமியார் அன்னம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி எங்கள் வெள்ளவத்தை பிளட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வாசலில் நின்றபடி சொன்னார்: "புள்ள, அவ ஒங்க பேரச் சொல்லல. கடையில வாங்கினன்னே சொல்லிட்டு நிக்கிறா. எந்தக் கடைன்னு கேக்குறாங்க, அவளுக்குச் சொல்லத் தெரியல. நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது. நீங்க வந்து, நான்தான் குடுத்தன், ரேடியோவுக்குத்தான்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா விட்டுருவாங்க."

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். உள்ளறையில் உன் பாபு மாமா இருந்தான். என் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினொரு நாள். வீட்டில் தங்குகிற ஒவ்வொருவரையும் பொலிசில் பதிய வேண்டும் என்பது உனக்குத் தெரியும். வீட்டுச் சொந்தக்காரர் அவன் பெயருக்குக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று இழுத்துக்கொண்டிருந்தார். பதியாமல் ஒளித்து வைத்திருந்தோம். நீ கூட அவன் பெயரைப் பள்ளிக்கூடத்தில் சொல்லக்கூடாது என்று உன்னைச் சத்தியம் பண்ண வைத்தோம். உன் அப்பா என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார்: "போறதெண்டால் போ. நான் மறிக்கேல்லை. ஆனா விலாசம் கேப்பாங்கள். கேட்டால் வீட்டை வந்து பாப்பாங்கள். பாபுவை எங்க வைக்கிறது, அலுமாரிக்குள்ளயா?" அவ்வளவுதான் சொன்னார். போகாதே என்று அவர் கத்தியிருந்தால் நான் இன்றைக்கு அவரைக் குற்றம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த உதவியைக் கூட அந்த மனிதர் செய்யவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. குசினிக்குள் போனேன். அடுப்புக்கு மேல் தட்டில் ஒரு மோல்ட் டின் இருந்தது, உனக்கென்று வாங்கி வைத்தது, திறக்காதது. அதை எடுத்துக்கொண்டு வந்து அன்னம்மாவின் இரண்டு கையிலும் வைத்து, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ அம்மா, நான் கந்தோர்ப் பெரியவரிட்ட ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன். அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி புள்ள" என்றார். சேலைத் தலைப்பில் டின்னைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர் தெருவில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மனுஷி ஒரு சொல் ஏசியிருக்கலாம்.

கடிதம் பொய்யில்லை. பெரியவர் காலிக்குப் போயிருந்தார், அடுத்த நாள் பின்னேரம்தான் வந்தார். நல்ல சிங்கள மனிதர், கேட்டவுடன் சம்மதித்தார். கடிதத்தைத் தட்டெழுதியது நான்தான். பிலோமினா எங்கள் ஊழியர், இன்ன நாள் வேலை முடிந்து போகும்போது பஸ்ஸில் காயப்பட்டவர், நல்ல நடத்தை உள்ளவர். ஒரு எழுத்துப் பிழை இல்லை. என் பெயர் அதில் எந்த மூலையிலும் இல்லை. மூன்றாம் நாள் பங்குச் சுவாமியார் அந்தக் கடிதத்தோடு போய் அவளைக் கூட்டிவந்தார். ஆனால் அந்த மூன்று நாளும் கைக் காயத்துக்கு மருந்து மாற்றவில்லை. புண் பழுத்துவிட்டது. திரும்ப ஆஸ்பத்திரி, திரும்பக் கத்தி. வலது கையில் மூன்றாவது விரலையும் எடுத்தார்கள்.

நான் போயிருந்தால் விட்டிருப்பார்களா? அன்னம்மா விடுவார்கள் என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? என்னையும் சேர்த்து உள்ளே வைத்திருக்கலாம். பாபுவைப் பிடித்திருக்கலாம், அந்த நாட்களில் பிடித்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? அவன் இரண்டு கிழமையில் பிளேன் ஏறினான். இன்றைக்குக் கனடாவில் பனி அள்ளிக்கொண்டு, முழங்கால் நோகுது அக்கா என்று தொலைபேசியில் கோல் எடுக்கிறான். அவன் குரலைக் கேட்கிறபோது, நல்ல வேளை போகவில்லை என்று நினைக்கிறேன். ரிசீவரை வைத்தவுடன் பிலோவின் கை நினைவுக்கு வந்துவிடும். தம்பியின் தலையையும் சிநேகிதியின் விரலையும் எந்தத் தராசில் வைப்பது? பதினேழு வருஷமாகத் தெரியவில்லை. தெரியாதென்று சொல்வதற்கும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த வாசலில் நிற்கும்போது நான் நிறுத்துப் பார்க்கவே இல்லை. பயந்தேன், டின்னை எடுத்தேன்.

விரலை எடுத்த பிறகு அவளை வாட்டில் பார்க்கப் போனபோது என்ன கொண்டுபோவது என்று ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். பழக்கடைக்காரர், "மொனவத ஓனே நோனா?" என்று, என்ன வேண்டும் அம்மா என்று, மூன்று தரம் கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். வெறுங்கையோடு போய்க் கட்டிலருகில் நின்றேன். சொல்ல வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். பிலோதான் முதலில் கதைத்தாள்: "ரேடியோவத் திருப்பித் தந்துட்டாங்க மிஸ். பட்டரியத்தான் தரல. வரும்போது ரெண்டு வாங்கிட்டு வாங்களேன்." நான் அழுதுவிட்டேன். அவள் கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்தாள். மன்னித்துவிட்டாளா? மன்னித்தவள் ஏன் திரும்ப "மிஸ்" என்றாள்? அன்று சீப்பு கைப்பையில் இருந்தது, எடுக்கத் துணிவு வரவில்லை. அன்னம்மா வெள்ளவத்தைக்கு வந்துபோனதை அவளுக்குச் சொன்னாரா என்றும் எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. அடுத்த முறை பற்றரி வாங்கிப்போனேன், இரண்டே இரண்டு, கடை பில் துண்டோடு. சிரிக்காதே.

அதன் பிறகு அவர்கள் நீர்கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். நாலைந்து வருஷம் நத்தாருக்கு வாழ்த்து மட்டை வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது, எழுத்து அவளுடையதல்ல. ஒவ்வொன்றிலும் "அன்புள்ள மிஸ்" என்றுதான் இருந்தது. கோபமா, மரியாதையா, வெறும் பழக்கமா, நான் எத்தனையோ தரம் அந்த மட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பிறகு மட்டை வரவில்லை.

ஆகவே சீலனுக்கு என்ன கொண்டுபோவது என்றால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சாரம் ஒன்று, முகம் மழிக்க ஒரு சவரக்கத்தி, நீயே மழித்துவிடு. மட்டக்குளி வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு நேரத்தில் போகாதே, சோடா உடைத்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் குடி, கொடுக்கிறவனாக மட்டும் இருந்துவிட்டு வராதே. ஆனால் அவன் உன்னிடம் ஏற்கெனவே வாயைத் திறந்து ஒன்று கேட்டுவிட்டான். அதைத் தவிர வேறு எதைக் கொண்டுபோனாலும் அது நான் அன்னம்மாவின் கையில் வைத்த டின்தான்.

இதை எழுதிவிட்டு, போ என்று அடுத்த சொல்லை எழுத வேண்டும். எழுத வருகுதில்லை. பெற்றவள் கை போகாதே என்றுதான் எழுதப் பார்க்கிறது. நீ போனால் உன் விலாசம் கேட்பார்கள், உன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், நீ ஏன் அங்கே நின்றாய் என்பார்கள். சீலனுக்குச் சாட்சி சொன்ன உனக்கு யார் சாட்சி? சீலனின் தாய் இந்தக் கடிதத்தை வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவனும் பிள்ளைபோலத்தான் என்று எழுதினால் அது பொய். நீதான் பிள்ளை.

நான் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் கழியாமல் புறப்படுகிறேன் என்று இங்கே சம்பந்தி அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது, அக்கா ஒரு பாட்டம் அழுதும்விட்டாள், அதை நான் சமாளித்துக்கொள்கிறேன். நீ தனியாகப் போகாதே. இரண்டு பேருமாகப் போவோம். எனக்குச் சிங்களம் உன்னைவிட நன்றாக வரும், நரைத்த பொம்பிளை பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் மரியாதையாகக் கதைப்பார்கள். நீ கண்டதைச் சொல், நான் உன் தாய் என்று என் பெயரையும் விலாசத்தையும் நானே சொல்கிறேன். ஆனால் ஒன்று, மகன். என்னை எனக்குத் தெரியும். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி உன் முகத்தைக் கண்டவுடன் நான் மனம் மாறி, "வேண்டாம் ராசா, வீட்டை போவம்" என்று உன் கையைப் பிடித்து அழுவேன். அப்போது நான் சொல்வதைக் கேட்காதே. பிடித்த கையை விடாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போ.

அம்மா